சாரதிப் பத்திரத்துக்கு எத்தனை 'பேர்'?

தலவாக்கலைப் பட்டினத்திலே, புகையிரத நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு வரும் ஒருவர் மாலை நாலு மணியளவில் அங்கே சிறிது நேரம் நின்று பார்ப்பாராயின், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூரில் அரிதாயிருந்த ஒரு காட்சியைக் காண்பார். வங்கி வாசலிலும், மருந்துக்கடை முன்றிலிலும், மரக்கறிக் கடைகளின் ஓரத்திலும் மோட்டார்ச் சைக்கிள்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் பின்னாசனத்திலே கோதுமை மா மூட்டை கட்டப்பட்டிருக்கின்றது. இன்னொன்றிலே பால் கொண்டுவந்த கலன் வெறுமையாய்த் தொங்குகின்றது. வேறொன்றிலே பாடசாலைச் சீருடையணிந்த இரு பிள்ளைகள் முன்னும் பின்னுமாக அமர்ந்து, தந்தையார் கடையிலிருந்து வெளிவருவதைப் பார்த்திருக்கின்றனர். பஸ் செல்லாத தோட்டங்களுக்கும், சென்றாலும் நாளுக்கு இரண்டு முறையே செல்லும் பிரிவுகளுக்கும் இன்று இவ்விருசக்கர ஊர்தியே வழித்துணையாகிவிட்டது.

ஒரு காலத்திலே தேயிலைத் தோட்டத்தில் மோட்டார்ச் சைக்கிள் என்றால் அது சின்னத்துரையின் உடைமை. மலையடிவாரத்தில் அதன் ஓசை கேட்டவுடன் கங்காணிமாரின் குரல் உயரும். கொழுந்தெடுக்கும் பெண்களின் கைகள் விரையும். அந்த ஓசைக்கு அஞ்சி நின்றவர்களின் பேரன்மார் இன்று அதே பாதையில் தாமே வண்டியோட்டிச் செல்கின்றனர். இம்மாற்றத்தைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆயினும், அவ்வாறு ஓட்டிச் செல்வாருள் எத்தனை பேரின் சட்டைப் பையில் சாரதி அனுமதிப் பத்திரம் இருக்கின்றது என்று வினவினால், அம்மகிழ்ச்சி சற்றே குன்றுகின்றது.

சில வாரங்களின் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் எமது இல்லத்திற்கு வந்திருந்தார். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியும் பல்கலைக்கழகம் புக வாய்க்காதவர். பட்டினத்தில் ஒரு கடையிலே பொருள்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைக்கவிருந்தது. முதலாளி இட்ட நிபந்தனை ஒன்றே: பத்திரம் வேண்டும். அதைப் பெறுவதற்குரிய செலவைத் தாம் எழுதிப் பார்த்திருப்பதாகவும், கூட்டலில் பிழையுண்டோ என நாம் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றும் கூறி, அப்பியாசக் கொப்பித் தாளொன்றை நீட்டினார். கணிதம் நமக்குரிய பாடமன்று. எனினும் வாங்கிப் பார்த்தோம். தாளின் வலப்பக்கத்தில் ரூபா என்று எழுதவேண்டிய இடத்தில் அவர் 'பேர்' என்று எழுதியிருந்தார்.

தோட்டத்து வழக்கை அறியாத வாசகர்களுக்காக இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். பிரட்டுக்களத்திலே தொழிலாளியின் பெயர் பதியப்பட்டு, அன்றைய வேலை நிறைவேறினால் அது ஒரு 'பேர்'. குறித்த நிறை கொழுந்து எடுக்க இயலாவிடின் 'அரைப்பேர்'. ஆகவே ஒரு பேர் என்பது ஒருவரின் ஒரு நாள் உழைப்பும், அந்நாளின் ஊதியமும் ஆகும். அந்த ஊதியம் 2021 ஆம் ஆண்டிலே 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டம்பரிலே 1,350 ரூபாவாக உயர்ந்தது. 2025 நவம்பரில் வாசிக்கப்பெற்ற வரவுசெலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்து வழங்கவும் வழி கூறியது. எம்மிடம் வந்த மாணவர் தம் கணக்கை 1,350 ரூபா விகிதத்திலேயே எழுதியிருந்தார். செலவுக்குப் பணம் தருபவர் கொழுந்தெடுக்கும் அவருடைய தாயார். 'அம்மாவிடம் ரூபாவில் சொன்னால் விளங்காது என்பதில்லை, சார். பேரில் சொன்னால் எனக்கு விளங்குகிறது' என்றார். அம்மறுமொழிக்கு நாம் யாது கூறுவது?

கணக்கின் சுருக்கம் இதுதான். பயிற்சிப் பாடசாலைக்கும், வைத்தியச் சான்றிதழுக்கும், அரசாங்கக் கட்டணங்களுக்கும், பஸ் பயணத்துக்கும், புகைப்படம் பிரதி முதலிய சில்லறைகளுக்குமாக 22 பேர். இவற்றின் பொருட்டு வேலைக்குச் செல்லாது கழியும் நாட்கள் 6. ஆக 28 பேர். ஒரு மாதம் முழுவதும் ஒரு தாய் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றெடுத்த கொழுந்தின் விலை அந்தப் பத்திரம். கூட்டலிலே பிழை இருக்கவில்லை.

இதிலே நம் கருத்தை ஈர்த்தது அந்த 22 அன்று. 6 என்னும் சிறிய எண்ணே. கட்டணம் என்பது அரசாங்கம் அறிவித்த தொகை. கொழும்பிலே பெரிய உத்தியோகம் வகிப்பவரும், தலவாக்கலையில் நாட்கூலி பெறுபவரும் அதனைச் சமமாகவே செலுத்துகின்றனர். ஆனால் அந்த ஆறு நாட்களை எந்த அறிவித்தற் பலகையிலும் காணமுடியாது. வைத்தியப் பரிசோதனைக்கு ஒரு நாள். விண்ணப்பம் கொடுக்க ஒரு நாள். எழுத்துப் பரீட்சைக்கு ஒரு நாள். சில மாதங் கழித்துச் செய்முறைப் பரீட்சைக்கு ஒரு நாள். ஏதேனும் பத்திரம் குறைந்தால் மீண்டும் ஒரு நாள். சம்பளத்தோடு விடுமுறை பெறும் எம்போன்ற ஆசிரியருக்கு இவை வெறும் அலைச்சல். நாட்கூலிக்காரருக்கோ ஒவ்வொன்றும் அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பங்கு. மாவட்டக் காரியாலயம் நுவரெலியாவில் உள்ளது. தோட்டத்து மேற்பிரிவிலிருந்து புறப்படுபவர் விடியுமுன் நடந்து இறங்கினால்தான் லிந்துலை வழியாகச் செல்லும் காலைப் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

ஆறாவது நாள் எதற்கென்று கேட்டோம். 'பெயருக்கு, சார்' என்றார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அவர் தந்தையாரின் பெயர் ஒருவிதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறொரு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. மலையகத்துக் குடும்பங்களில் இது புதுமையன்று. தமிழறியாத பதிவாளர் காதிற்பட்டவாறு எழுதிய பெயர்கள் எத்தனையோ! தந்தை ஒருவருக்கே நான்கு பத்திரங்களில் நான்கு பெயர்கள் இருப்பதை, பாடசாலை அனுமதிக்காலத்திலே நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் பல இலட்சம் பேர் நாடற்றவராய் நின்ற வரலாறும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை கிடைத்த வரலாறும் மாணவர்கள் பாடப்புத்தகத்திற் படிப்பவை. பிரசாவுரிமை இல்லாதவனுக்கு அடையாள அட்டை இல்லை; அட்டை இல்லாதவனுக்குச் சாரதிப் பத்திரம் இல்லை. அச்சங்கிலி இன்று அறுபட்டுவிட்டது. அதன் ஒரு கண்ணி மட்டும் இப்படி எழுத்துப்பிழையாய் எஞ்சிக் கிடக்கின்றது.

நிற்க. சட்டத்தின் நிலை யாதென்பதையும் நோக்குவோம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே பல திருத்தங்களோடு இன்றும் ஆட்சியிலுள்ளது. மோட்டார்ச் சைக்கிளுக்கு இரண்டு வகுப்புகள் உள. 100 சீ.சீ. வரையிலான எஞ்சின் கொண்டவை ஒரு வகுப்பு. அதற்கு மேற்பட்டவை மற்றொன்று. பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். காகிதத்தில் இவை யாவும் நேர்மையானவையே. சாதி, இனம், ஊர் என்ற வேற்றுமை எதனையும் இச்சட்டம் காட்டவில்லை. ஆகவே அநீதி எங்கே என்று கேட்பாருமுளர். அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை, மைதானத்தில் இருக்கின்றது.

28 பேர் செலவிட்டு நம் மாணவர் எதைப் பெறுகின்றார்? பயிற்சி என்ற பெயரில் அவருக்குக் கிடைப்பது, சமதரையான ஒரு வெளியிலே, குறுகிய வளைவுகளில் கால் ஊன்றாமல் மெல்ல மெல்ல வண்டியைச் செலுத்திக் காட்டும் வித்தையே பெரும்பாலும். அதுவும் பயனற்றதன்று, உடலின் சமநிலைக்கு அது உதவும். ஆனால் தலவாக்கலையில் சமதரை எங்கே இருக்கின்றது? பரீட்சை முடிந்து பத்திரத்தோடு வீடு திரும்பும் அந்த நாளிலேயே அவர் ஏறவேண்டியது செங்குத்தான தோட்டப் பாதை. தார் பெயர்ந்து சல்லி உருளும் இறக்கம், கொழுந்து லொறி முழுப் பாதையையும் அடைத்து வரும் வளைவு, தென்மேற்குப் பருவமழையில் பாசி படிந்த கொங்கிறீற்று, பத்து யார் தூரமும் தெரியாத மூடுபனி ஆகியன அங்கே அவரை எதிர்கொள்கின்றன. இவற்றிலே வண்டியோட்டும் முறையை எந்த மைதானமும் அவருக்குக் கற்பிக்கவில்லை. எந்தப் பரீட்சகரும் அதைப்பற்றி அவரை வினவவுமில்லை.

மலையிறக்கத்திலே கற்க வேண்டியவை சிலவே. ஆனால் உயிரை ஒட்டியவை. வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்நோக்கிச் சாய்கின்றது. ஆதலால் நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன்சக்கரத்திலேயே உள்ளது. இறக்கத்திலோ பாரம் முன்னரே முன்சக்கரத்தின்மேற் சென்றுவிடுகின்றது. நம் இளைஞர்களோ 'முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய்' என்று அண்ணன்மார் சொல்லக் கேட்டு, பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கின்றனர். பாரம் குறைந்த பின்சக்கரம் ஈரப் பாதையிலே உடனே பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்குகின்றது. முன் பிரேக்கைத் திடீரெனப் பற்றாமல், படிப்படியாக இறுக்குவதும், அதையும் வளைவுக்குள் நுழையுமுன் நேர்பாதையிலேயே செய்து முடிப்பதும் கற்றுக்கொள்ளக் கூடியவையே. ஒரு நாள் ஒரு நல்ல ஆசான் கூட நின்றால் போதும்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே கூறாமல் விட இயலவில்லை. பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக எஞ்சினை அணைத்துவிட்டு, கியரையும் விடுவித்து, மலையிலிருந்து உருண்டு வருவது இங்கே பலருக்கு வழக்கம். 2022 ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அரசாங்கம் அளந்து கொடுத்தபோது இவ்வழக்கம் மேலும் பரவியது. பொருளாதாரம் என்ற அளவிலே அது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் தாழ்ந்த கியரிலே இறங்கும் வண்டியை எஞ்சினே பின்னிழுத்துப் பிடிக்கின்றது. அதை அணைத்துவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழுகின்றது. நெடிய இறக்கத்திலே பிரேக்குப் பட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. மலையடிவாரத்து வளைவை எட்டும்போது மிதித்த கால் வெறுமையை மிதிக்கின்றது. இதனை விளக்கப் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் போதும். அந்தப் பதினைந்து நிமிடத்தை நம் இளைஞர்க்கு யாரும் கொடுத்ததில்லை.

பெயரைக் குறிப்பிடாமல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். சில ஆண்டுகளின் முன் ஓர் ஆடி மாதத்து மழைநாளிலே, அற்றன் பாதையில் சென்கிளயார் நீர்வீழ்ச்சிப் பக்கமாக வந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் வளைவொன்றில் வழுக்கி, எதிரே வந்த வானின் அடியில் விழுந்தார். அவரும் எமது வகுப்பில் அமர்ந்திருந்தவர்தான். கடைசி வாங்கில் அமர்ந்து, கேள்வி கேட்டால் எழுந்து நின்று சிரிப்பவர். உயிர் பிழைத்தது. வலது கால் முழங்காலோடு போயிற்று. வண்டி அண்ணனுடையது, தவணை முறையில் வாங்கியது. ஓட்டியவரிடம் பத்திரம் இல்லாதபடியால் காப்புறுதியிலிருந்து வண்டிக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. நீதிமன்றத்திலே தண்டம். வண்டி இரும்பு விலைக்குப் போன பின்பும் தவணை நிற்கவில்லை. நாம் அவரைப் பார்க்கச் சென்றபோது தாயார் எம்மிடம் சொன்னது ஒன்றே: 'பத்திரம் எடுக்கணும் எடுக்கணும்னு ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டு இருந்தான் சார். தீபாவளி முடியட்டும்னேன். பொறவு தங்கச்சி படிப்பு முடியட்டும்னேன்.'

தண்டத்தை உயர்த்தினால் எல்லாரும் பத்திரம் எடுப்பர் என்று கருதுவோர் பலர். 2016 நவம்பரில் வாசிக்கப்பெற்ற வரவுசெலவுத் திட்டம், பத்திரமின்றி வாகனமோட்டுதல் போன்ற குற்றங்களுக்கு ஆகக்குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று முன்மொழிந்தபோது தனியார் பஸ் உரிமையாளர்கள் வேலைநிறுத்தஞ் செய்ததை வாசகர்கள் நினைவுகூர்வர். தண்டம் வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. ஆனால் 28 பேர் இல்லாத காரணத்தால் பத்திரம் எடுக்காதவனிடத்தில் அதற்கு ஈடான தண்டத்தை அறவிட்டால், அடுத்த ஆண்டும் அவனிடம் பத்திரம் இருக்கப் போவதில்லை. அதுவரை அவன் வண்டியோட்டாமலும் இருக்கப் போவதில்லை. பொலிசார் நிற்கும் பிரதான பாதையைத் தவிர்த்து, இன்னும் கேடான தோட்டத்துக் குறுக்குப் பாதையாற் செல்வான்.

இனி, பயிற்சி உண்மையிலே விபத்தைக் குறைக்குமா என்றொரு வினா உண்டு. இதில் நாம் விரும்பியதை மட்டும் கூறுதல் நேர்மையாகாது. அமெரிக்காவிலே ஹரி ஹேர்ட் என்னும் பேராசிரியர் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார்ச் சைக்கிள் விபத்துக்களை நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆராய்ந்து, 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இத்துறையில் இன்றும் எடுத்துக் காட்டப்படுகின்றது. விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ உறவினர் நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள் என்றும், பின் பிரேக்கை மிகுதியாகவும் முன் பிரேக்கைக் குறைவாகவும் பயன்படுத்தியது பெருங்குறை என்றும் அவர் கண்டார். தலவாக்கலை அண்ணன்மாரின் அறிவுரை லொஸ் ஏஞ்சலிசிலும் வழங்கியது போலும்! ஆயினும் 2010 ஆம் ஆண்டில், உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய கொக்ரேன் மதிப்பீடு, பயிற்சியால் விபத்துக் குறைகின்றது என்று அறுதியிட்டுக் கூறப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றே முடித்தது. கட்டாயப் பயிற்சி ஒரு தடையாக நின்று சிலரைப் பத்திரம் எடுக்காமலே விட்டுவிடச் செய்யலாம் என்றும் அது குறித்தது.

இதைக் கேட்டு, 'ஆகவே பயிற்சி வீண்' என்று கூறுவது அவசரம். எத்தகைய பயிற்சி, எங்கே, யாருக்கு என்பதைப் பொறுத்தது அது. தடை என்பதை மட்டும் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். பொலிஸ் கண்காணிப்பு நிறைந்த பெருநகரிலே பத்திரம் கிடைக்காதவன் வண்டியைத் தொடாமல் இருக்கக்கூடும். இங்கோ அந்தத் தடை வண்டியைத் தடுப்பதில்லை. ஓட்டுபவனுக்கும் பயிற்சிக்கும் இடையிலேதான் அது நிற்கின்றது.

தலைக்கவசத்தைப் பற்றி அத்தகைய ஐயம் இல்லை. அதே கொக்ரேன் நிறுவனத்தின் 2008 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தலைக்கவசம் மரணத்தை நூற்றுக்கு 42 வீதமும் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 வீதமும் குறைக்கின்றது. எனினும் வாரை இறுக்காமல் கவசத்தைத் தொப்பிபோல் வைத்துக்கொள்வதும், பொலிஸ் நிலையம் தாண்டியதும் கைப்பிடியில் மாட்டிக்கொள்வதும், பின்னே அமர்ந்த குழந்தைக்குக் கவசமே இல்லாதிருப்பதும் நாடோறும் காண்பவை. இது வறுமையின் குற்றமன்று. எமது அசட்டையின் குற்றம். இவ்விடயத்தில் படித்த உத்தியோகத்தரும் விலக்கல்லர். எமது ஆசிரியர் ஓய்வறையும் விலக்கன்று.

பிற நாடுகளில் எவ்வாறு செய்கின்றனர்? இங்கிலாந்திலே 1990 டிசம்பரிலிருந்து, புதிதாக மோட்டார்ச் சைக்கிள் ஓட்ட விரும்புவோர் அடிப்படைப் பயிற்சியொன்றை முடித்தல் கட்டாயம். அது பெரும்பாலும் ஒரே நாளில் முடிவது. முற்பகல் மைதானத்திலே, பின்னர் ஆசான் பின்தொடரக் குறைந்தது இரண்டு மணி நேரம் மெய்யான பாதையிலே. அந்த இரண்டு மணி நேரமே நமக்கு மிக வேண்டியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலோ, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுநர் செலுத்தும் கட்டணங்களிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி, அதைக் கொண்டு புதியவர்களுக்கு நெடுங்காலம் இலவசப் பயிற்சி அளித்து வந்தனர். ஏற்கெனவே ஓட்டுபவர் அடுத்து வருபவரின் பயிற்சிக்குக் கொடுக்கும் சிறுதொகை அது. நம்மூர்ச் சீட்டுக்காசு போன்ற எளிய ஏற்பாடுதான்.

அண்டைநாட்டுச் செய்தியொன்றும் உண்டு. 2018 பெப்ரவரியில் தமிழ்நாட்டரசு, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதியை, 25,000 இந்திய ரூபாவுக்கு மேற்படாமல், மானியமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பிக்க ஓட்டுநர் உரிமம் வேண்டுமென்ற நிபந்தனையால் பெண்கள் கூட்டங் கூட்டமாகப் போக்குவரத்துக் காரியாலயங்களை முற்றுகையிட்டனர். பின்னர் பழகுநர் உரிமமே போதுமென்று தளர்த்தப்பட்டது. வண்டிக்கு மானியம் கொடுத்த கை பயிற்சிக்கு நீளவில்லை என்பது நம் குறை. ஆயினும் பத்திரம் என்பது ஒரு பெண்ணின் வேலைக்கும் நடமாட்டத்துக்கும் திறவுகோல் என்பதை அந்தக் கூட்டம் காட்டிற்று. மலையகத்திலும் ஆசிரியைகளும் தாதியரும் ஸ்கூட்டரில் செல்லத் தொடங்கியுள்ளனர். ஆண் பயிற்சியாளர் மட்டுமே உள்ள இடத்துக்குத் தனியே செல்லப் பெற்றோர் தயங்குவதால், அண்ணனோ தம்பியோ உடன் செல்கின்றனர். அவர்களுக்கும் ஒரு பேர் போகின்றது.

எமது ஓய்வறையிலே இவ்விடயம் பேசப்பட்டபோது நண்பர் ஒருவர் காரமாகவே மறுத்தார். 'இலட்சக் கணக்கிலே பணம் கொடுத்து மோட்டார்ச் சைக்கிள் வாங்குபவனுக்குப் பத்திரத்துக்குப் பணம் இல்லையா? அதை ஏன் அரசாங்கம் கொடுக்க வேண்டும்?' என்றார். நியாயமான கேள்வி, எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஆனால் வண்டி முழுப்பணங் கொடுத்து வாங்கப்படுவதில்லை. குத்தகைக் கம்பனியின் தவணையில் வருகின்றது. பலருக்கு அது அண்ணனுடையது, மாமாவுடையது, கடை முதலாளியுடையது. வண்டிக்குத் தவணை உண்டு. பத்திரத்துக்குத் தவணை இல்லை. இன்னொன்று: நம் நாட்டில் வைத்தியசாலை இலவசம். கால் போன அந்த இளைஞருக்குச் சத்திரசிகிச்சையும் மாதக்கணக்கான படுக்கையும் செயற்கைக் காலும் பொதுப்பணத்திலேயே நடந்தன. அவ்வளவும் செலவிட ஆயத்தமாயுள்ள நாம், அதற்கு முந்திய சிறு செலவை மட்டும் அவனுடைய சொந்த விவகாரம் என்பது எவ்வாறு பொருந்தும்? நண்பர் உடன்படவில்லை. 'பொறுப்பு என்று ஒன்று உண்டு' என்றார். உண்டுதான்.

நாட்டிற் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள்கள். பாதைகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிகின்றனர். அவர்களில் மோட்டார்ச் சைக்கிளில் சென்றவரே மிகப் பெருந்தொகையினர். உலகமுழுவதிலும் நோக்கின், 2023 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி ஆண்டொன்றுக்குப் பாதையில் இறப்போர் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் கணிசமானோர் இருசக்கர, முச்சக்கர மோட்டார் ஊர்திகளிற் சென்றவர்கள். இவ்வளவு பெரிய விடயத்தை ஒரு தாயின் கொழுந்துக் கூடையிலே ஏற்றிவிடுவது தகுமா என்பதே எம் வினா.

பெருந்திட்டம் எதுவும் நாம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திய அத்தாட்சி, விண்ணப்பம், எழுத்துப் பரீட்சை மூன்றையும் தலவாக்கலையிலோ அற்றனிலோ ஒரே கூரையின்கீழ் நடத்தினால் மூன்று பேர் மிஞ்சும். பாடசாலை மண்டபங்கள் ஞாயிறன்று பூட்டித்தானே கிடக்கின்றன! உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கில் வீட்டிலிருக்கும் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு, வீதி விதிகளையும் மலைப்பாதை ஓட்டத்தையும் கற்பிக்க அதைவிட நல்ல காலம் வாய்க்காது. அப்போது அவர்கள் நாட்கூலிக்கும் போகத் தொடங்கியிருப்பதில்லை. மலைநாட்டுப் பரீட்சையிலே ஓர் இறக்கத்தையும் சேர்ப்பது அரசாங்கத்துக்குச் செலவே இல்லாத காரியம். இறக்கத்துக்கு இங்கே பஞ்சமா? பணம் எங்கிருந்து வரும் என்றால், காப்புறுதித் தவணையோடு மிகச் சிறிய தொகையைச் சேர்க்கும் பென்சில்வேனியா வழி ஒன்று உண்டு. தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பங்கேற்கலாம். சங்கங்கள் சந்தாவை மாதந்தோறும் பெறுகின்றன அல்லவா?

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது, மண்சரிவால் பாதைகள் பல துண்டிக்கப்பட்டன. லொறியும் பஸ்ஸும் செல்ல இயலாத இடங்களுக்கு அரிசியையும் மருந்தையும் குழந்தைகளின் பால்மாவையும் முதுகிலே கட்டிக்கொண்டு இறங்கியும் ஏறியும் சென்றவர்கள் இம்மோட்டார்ச் சைக்கிள் இளைஞர்களே. அந்நாட்களில் அவர்களிடம் பத்திரம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை; நாமும் கேட்கவில்லை. மருந்து வந்ததா என்றே கேட்டோம்.

நம் மாணவரின் கணக்குத் தாளுக்கு வருவோம். தாயார் கொழுந்துச் சீட்டிலிருந்து 9 பேரும், தீபாவளி முற்பணத்தில் எஞ்சியதும் கொடுத்திருக்கின்றார். மிகுதியை முதலாளி முன்பணமாகத் தந்து மாதந்தோறும் கழித்துக்கொள்ள இசைந்துள்ளார். பெயர்த் திருத்தம் முடிந்தது. எழுத்துப் பரீட்சையிலும் சித்தி. செய்முறைப் பரீட்சை வருகின்ற புதன்கிழமை. கடந்த இரண்டு ஞாயிறுகளிலும் எமது பௌதிகவியல் ஆசிரியரும் நாமும் அவரைத் தோட்டத்து மேற்பிரிவுப் பாதைக்கு அழைத்துச் சென்று, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரிலே இறங்கி வரப் பழக்கினோம். முதல் நாள் மூன்று முறை பின்சக்கரம் வழுக்கியது. இரண்டாம் நாள் ஒரு முறை. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் நால்வர் வேலியோரத்தில் அமர்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தனர். புறப்படும்போது அவர்களில் மூத்தவன் எம்மிடம் வந்து, அடுத்த ஞாயிறும் வருவீர்களா சார் என்று கேட்டான். அவனுக்கு வயது பதினேழு. வருவோம் என்று சொல்லி வந்திருக்கின்றோம்.